மழைக்கும் கிணற்றுக்கும் நடுவில்: யாழ்ப்பாணத்து வறட்சியை விளங்கிக்கொள்ள

லண்டனில் வருடம் முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினால் ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் வரும். யாழ்ப்பாணத்தில் அது 1,200 முதல் 1,300 வரை போகும். இரண்டு மடங்கு மழை பெய்கிற இந்த ஊரில்தான் ஆவணி பிறந்தால் வெங்காயத் தோட்டக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். தீவகத்தில் சனம் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை காத்திருக்கிறது.

மொத்த மழையை மட்டும் பார்த்தால் இது புரியாது. எப்போது பெய்தது, எத்தனை நாளில் பெய்தது, பெய்தபின் எங்கே போனது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது கேள்விதான் யாழ்ப்பாணத்தில் முக்கியம். அதைத்தான் நாம் குறைவாகக் கேட்கிறோம்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பரப்புக் காணி, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு பரப்பில் விழும் தண்ணீர் மூன்று லட்சம் லீற்றருக்கு மேல். மில்லிமீற்றரை லீற்றராக்கும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வறண்ட நாடு வேறு, வறட்சி வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற பிழை. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் உள்ள ஜெய்சல்மேரில் வருடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீற்றர்தான் மழை. அங்கே 200 பெய்தால் அது வறட்சி அல்ல, வழமையான வருடம். அந்த ஊரின் பயிர், ஆடு மாடு, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த 200-ஐ நம்பித்தான் அமைந்திருக்கின்றன. அது 80 ஆகக் குறையும்போதுதான் அங்கே வறட்சி.

வறண்ட தன்மை ஓர் இடத்தின் நிரந்தரக் குணம். பெய்கிற மழையை, வெயிலும் காற்றும் சேர்ந்து உறிஞ்சக்கூடிய தண்ணீரின் அளவால் வகுத்து அதைக் கணிப்பார்கள். விடை 0.20-க்குக் கீழே வந்தால் அது பாலை வகை நிலம். 0.20-க்கும் 0.50-க்கும் நடுவில் வந்தால் அரை வறள் நிலம். யாழ்ப்பாணம் இந்த இரண்டிலும் இல்லை. இலங்கையின் உலர் வலயத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வறட்சி என்பது வந்து போகிற ஒன்று. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளி அது. இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில் பருவ மழை சராசரியைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வறட்சி, 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. மழை குறைவான நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் பெரிதாக இருக்கும். சராசரி 200 என்ற ஊரில் ஒரு வருடம் 90-உம் அடுத்த வருடம் 350-உம் வருவது அதிசயம் அல்ல. அதனால் பாலையில் ‘சராசரி மழை’ என்பது பெரும்பாலும் எந்த வருடமும் பெய்யாத மழை.

இன்னொரு முரண்: பாலையில் வெள்ளமும் வரும். 2006 ஓகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஒரு சில நாட்களில் வருடச் சராசரியைத் தாண்டிய மழை கொட்டியது. கவாஸ் என்ற கிராமம் மூழ்கிப்போனது. மணலுக்கு அடியில் தண்ணீர் புகமுடியாத ஜிப்சம் படை இருந்ததால் வெள்ளம் வடிய மாதக்கணக்கானது. மேலே என்ன பெய்தது என்பதோடு கீழே என்ன மண் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் விளைவு வருகிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறான கதை. இங்கே கீழே அடைப்பு இல்லை, ஓட்டைதான் இருக்கிறது.

மூன்று மாத மழை, ஒன்பது மாத வருடம்

குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை விழுகிறது. ஐப்பசியில் இடிமழையோடு தொடங்கி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்கள் வரிசையாக வந்து, மார்கழியில் வாடைக்காற்றோடு ஓயும். தை பிறந்தால் பனி. சித்திரையில் சில நாள் சிறுமாரி. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம் அடிக்கும். தென்மேல் பருவக்காற்று கொண்டுவருகிற ஈரத்தை மத்திய மலைநாடு பிடித்துவிடும். நம்மிடம் வந்துசேர்வது உலர்ந்த, வேகமான காற்று மட்டும். அந்தக் காற்று மழை தராததோடு நிற்பதில்லை, இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று குறைத்து வைத்தாலும் நான்கு மாதத்தில் 600 மில்லிமீற்றர். இரண்டு அடி ஆழக் குளம் இருந்த இடம் தெரியாமல் போவதற்கு அது போதும்.

மாரிக்குள்ளேயே சீரின்மை இருக்கிறது. இரண்டு வருடங்களை வைத்துப் பார்ப்போம், இரண்டிலும் பருவமழை 800 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் அது 45 நாளில் பரவிப் பெய்கிறது. இரண்டாவது வருடம் 18 நாளில் முடிகிறது, அதிலும் பாதி ஒரு புயலின் மூன்று நாளில். வருடக் கூட்டுத்தொகை எழுதும் தாளில் இரண்டும் ஒன்றுதான். வயலில் அப்படி இல்லை. காலபோக நெல்லைப் பெரும்பாலானவர்கள் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகத்தான் போடுகிறார்கள். முதல் மழைக்கு முளைத்த நெல், பிறகு இரண்டு கிழமை வானம் காய்ந்தால் கருகிவிடும், மறுவிதைப்புக்கு விதைநெல் தேட வேண்டும். தப்பிய பயிர், கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் தண்ணீர் இல்லாமல் நின்றால் பதர் கூடும். கடைசியில் தையில் அறுக்கப் போகும்போது எதிர்பாராத மழை வந்தால் கதிர் சாய்ந்து சேற்றில் கிடக்கும். ஒரே வயலில், ஒரே போகத்தில், வறட்சி நட்டமும் வெள்ள நட்டமும் வரலாம். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசெம்பரில் புரெவி என்று ஒரு சில நாளில் ஊரையே நிரப்பிய மழைகள் வருடக் கணக்கில் நல்ல எண்ணாகத்தான் பதிவாகும்.

செய்தியில் ‘எல் நினோ’, அதாவது பசிபிக் சமுத்திரத்தின் நடு, கிழக்குப் பகுதி வழமையைவிடச் சூடாகிற நிலை, என்று வந்தாலே வறட்சி என்று பதறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தியாவின் தென்மேல் பருவமழைக்கு, அதாவது ராஜஸ்தானுக்கு, எல் நினோ பெரும்பாலும் கெடுதி. நம்முடைய ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழையை அது பெரும்பாலும் கூட்டும். அந்தக் கடல் குளிர்கிற எதிர் நிலையான லா நினாதான் நமது மாரியைக் குறைக்கப் பார்க்கும். இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் வழமையைவிடச் சூடாகி மேற்குப் பக்கம் குளிர்கிற எதிர்மறை இருமுனை நிலையும் அப்படித்தான். 2016-இல் அந்த நிலை பலமாக இருந்தது. அந்த மாரி பொய்த்தது, 2017-இல் தீவு முழுவதும் வறட்சி பேசப்பட்டது. இவை சாய்வுகள், உறுதிமொழிகள் அல்ல. ஒரே ஒரு தாழமுக்கம் பாதையை மாற்றினால் கணிப்பு எல்லாம் மாறிவிடும்.

வறட்சி படிப்படியாக இறங்கும்

துறைசார்ந்தவர்கள் வறட்சியை மூன்றாகப் பிரிப்பார்கள். மழை குறைந்தால் வானிலை வறட்சி. வேர் எட்டும் ஆழத்தில் மண் காய்ந்தால் விவசாய வறட்சி. கிணறும் குளமும் இறங்கினால் நீரியல் வறட்சி. ஒன்று வந்தால் மற்றது உடனே வரும் என்றில்லை. செம்மண்ணில் பத்து நாளில் விவசாய வறட்சி வந்துவிடும், கிணறு அப்போது நிறைந்திருக்கும். கார்த்திகையில் குறைந்த மழையின் விலையை அடுத்த ஆடியில்தான் கிணறு கேட்கும். அந்த இடைவெளியில் நாம் ‘இந்தமுறை சமாளித்துவிட்டோம்’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

கீழே நடப்பது

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிப் பக்கம் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மேலே மெல்லிய மண், கீழே மயோசின் காலச் சுண்ணாம்புக் கற்பாறை. அந்தப் பாறையை மழைநீர் ஆண்டாண்டு காலமாகக் கரைத்து வெடிப்பும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. மழை இறங்குவதற்கு இதைவிட நல்ல நிலம் இல்லை. தங்குவதற்கு இதைவிட மோசமான நிலமும் அதிகம் இல்லை. கீரிமலையில் கடலோரத்தில் ஊறும் நன்னீர், நிலத்தடி நீர் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் மூன்று மாதத்தில் வாங்கி ஓட்டைச் சட்டைப்பையில் போட்டு வைத்ததைப் போன்ற நிலைமை இது.

பாறையின் கனவளவில் தண்ணீர் நிற்கக்கூடிய இடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிமீற்றர் மழை கீழே இறங்கும்போது கிணற்று மட்டம் ஒரு மீற்றர் உயரும். மாரியில் கிணறு மளமளவென்று ஏறுவதற்குக் காரணம் இதுதான். அதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சேர்ந்து 100 மில்லிமீற்றருக்குச் சமமான தண்ணீரை இறைத்தால் ஒரு மீற்றர் இறங்கும்.

இறங்குவதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. நமது நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிற ஒரு வில்லை. கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1.000. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. திருப்பிப் பார்த்தால்தான் இதன் கொடுமை தெரியும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே வரப் பார்க்கும். நடைமுறையில் எல்லை இவ்வளவு கூர்மையாக இருக்காது, நடுவில் கலங்கலான உவர்ப்படை ஒன்று இருக்கும். ஆனாலும் திசை இதுதான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீராகவும் ஆழம் போகப் போக உப்பாகவும் இருப்பதற்கும் இதே காரணம்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் வறட்சி வந்தால் கிணறு வற்றுவதைவிட முதலில் சவர்க்கும். ‘தண்ணீர் இருக்கிறதே’ என்று இறைத்துக்கொண்டே போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மிகக் கெட்ட மருந்து ஆழமான குழாய்க்கிணறு. இந்தியாவிலோ வன்னியிலோ வற்றிய கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னும் ஆழமாகத் துளைத்தால் பலன் கிடைக்கலாம். இங்கே ஆழம் என்பது உப்புக்குப் போகிற பாதை. சக்திவாய்ந்த மோட்டர் ஒரே இடத்தில் இழுக்கும்போது அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே எழும். ஒருமுறை எழுந்தால் மோட்டரை நிறுத்திய மறுநாளே இறங்காது. ஒரு மாரியோ இரண்டு மாரியோ தேவைப்படும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை.

செய்யக்கூடியது: அகலமான, ஆழம் குறைந்த கிணறு. உறிஞ்சு குழாயின் அடிமுனை கிணற்றின் தரையில் கிடக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். நான்கு மணித்தியாலம் ஒரே மூச்சில் இறைப்பதைவிட ஒரு மணி இறைத்து ஒரு மணி ஊறவிடுவது நல்லது. பின்னேரம் அல்லது அதிகாலை இறைப்பு, வெயிலில் போகும் தண்ணீரையாவது மிச்சம் பிடிக்கும்.

தண்ணீரில் உப்புக் கூடினால் அதன் மின்கடத்துதிறனும் கூடும். அதை அளக்கும் பேனா போன்ற சிறிய கருவி ஒன்று கையில் இருந்தால் ஊகம் தேவையில்லை. சின்ன வெங்காயத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர் ஏறக்குறைய 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் 1,000 வரை தாங்கும். 3,000-க்கு மேல் என்றால் எந்தத் தோட்டக்காரரும் யோசிக்கவேண்டும். ஒரே கிணற்றில் இறைப்புக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடைவெளி கிழமைக்குக் கிழமை கூடினால் கூம்பு எழுகிறது என்று அர்த்தம்.

மணல் தருகிற பாடம்

பாலைவனம் பார்க்கவேண்டும் என்று வடமராட்சியின் மணற்காட்டுக்குப் போய்ப் படம் எடுப்பவர்கள் உண்டு. மணல்மேடுகள் பாலை மாதிரித்தான் தெரியும். உண்மையில் தண்ணீர் சேமிப்பில் அந்த மணல் பல செம்மண் காணிகளைவிடக் கெட்டிக்காரன். பெய்த மழை ஓடாமல் அப்படியே உள்ளே இறங்கும். மேல்மணல் காய்ந்ததும் அடியிலிருக்கும் ஈரம் மேலேறும் வழி அறுந்துவிடும், அதனால் ஆவியாவதும் குறைவு. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் சில அடி தோண்டினாலே நன்னீர் வருவதற்கு இந்த மேடுகள்தான் காரணம். அங்கே மணல் அள்ளுவது என்றால் தண்ணீர்த் தாங்கியையே லொறியில் ஏற்றி அனுப்புவதுதான்.

குடாநாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சிறு குளங்களும் கேணிகளும் சொல்லப்படுகின்றன. அவற்றை நீர்ப்பாசனத்துக்கானவை என்று மட்டும் நினைக்கக்கூடாது. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் சில கிழமை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவது அவற்றின் பெரிய வேலை. அடியில் களி படிந்தால் இறங்குவது நின்று, தண்ணீர் வெயிலுக்கு இரையாகும். எனவே தூர்வாரவேண்டும்தான், ஆனால் அளவோடு. கடல்நீரேரிக்குப் பக்கத்துக் குளங்களை ‘ஆழம் கூட்டினால் தண்ணீர் கூடும்’ என்று வெட்டிக்கொண்டே போனால் கோடையில் உவர் ஊறும். குளத்துக்கு வரும் வாய்க்காலை மதில் கட்டி அடைத்துவிட்டுக் குளத்தை மட்டும் துப்புரவாக்குவதில் பிரயோசனம் இல்லை. இது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பெரிய அளவிலும் இதே எண்ணம்தான். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டியது கடல்நீரை வெளியே வைத்து, மாரிநீரால் நீரேரிகளை நன்னீராக்க. ஆனையிறவு நீரேரியின் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டம் பொறியியலாளர் எஸ். ஆறுமுகத்தின் பெயரோடு இன்றும் பேசப்படுகிறது. அணைக் கதவு ஒழுகினால் ஒரு கோடையிலேயே உப்பு திரும்பிவிடும் என்பதால், கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் இதில் கடினம். 2024-இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். குடிதண்ணீருக்கு அது உதவும். வெங்காயத்துக்குப் பாய்ச்ச அந்தத் தண்ணீரின் விலை கட்டாது.

வீட்டில் அளப்பதும் சேர்ப்பதும்

மழைமானி செய்ய நேரான பக்கங்கள் கொண்ட பெரிய போத்தல் போதும். கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் வைத்து, கீழே வளைந்த பகுதியைச் சீமெந்துக் கலவையால் நிரப்பி மட்டமாக்கி, அங்கிருந்து தொடங்கும்படி அளவுகோலை ஒட்டவேண்டும். நடுவில் இடுப்பு ஒடுங்கிய சோடாப் போத்தல் பிழையான எண் தரும். வாயின் விட்டமும் உடலின் விட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும். தென்னை, மதில், கூரை ஆகியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் வைப்பது நல்லது. காலை 8.30-க்கு வாசித்து எழுதி, ஊற்றிவிட்டு வைக்கவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது, ஒப்பிட வசதி. மாதக் கூட்டுத்தொகையோடு, 2.5 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை, மாரிக்குள் தொடர்ந்து காய்ந்த நாட்கள் எத்தனை என்றும் எழுதுங்கள். கூட்டுத்தொகையைவிட இந்த இரண்டும் அதிகம் சொல்லும்.

இனி முன்பு சொன்ன கணக்குக்கு வருவோம்: ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் ஓட்டுக்கூரை, பீலி வழியாக விழுந்த மழையில் 80 சதவீதத்தைத் தரும் என்று கொள்வோம். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லீற்றர், நாளுக்கு 50. மாசி முதல் புரட்டாசி வரை 240 நாளுக்கு 12,000 லீற்றர். அதைப் பிடிக்க வேண்டிய மழை வெறும் 150 மில்லிமீற்றர். எவ்வளவு மோசமாகப் பொய்த்த மாரியிலும் இவ்வளவு பெரும்பாலும் பெய்துவிடும். கூரையும் வானமும் இங்கே தடை இல்லை, தாங்கியின் கொள்ளளவுதான் தடை. 1,000 லீற்றர்ப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை வைத்துவிட்டு ‘மழைநீர் சேகரிப்பு பங்குனிக்கே முடிந்துபோகிறது’ என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

முதல் மழையில் கூரையின் தூசும் பறவை எச்சமும் வரும். ஒரு மில்லிமீற்றருக்கு 100 லீற்றர் என்ற கணக்கில், முதல் 100 முதல் 200 லீற்றரை வேறாக வடித்துவிடவேண்டும். தாங்கிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வாயிலும் வழிவு குழாயிலும் நுண்ணிய கம்பிவலை போடாவிட்டால், மழைநீர் சேர்த்த வீடு மார்கழியில் டெங்கு நுளம்பு வளர்த்த வீடாகிவிடும். நிரம்பி வழிவதை நேரே கிணற்றுக்குள் விடாமல், கல்லும் மணலும் போட்ட குழி ஒன்றில் இறக்குங்கள். அந்தக் குழியை மலசலகூடக் குழிக்கு அருகில் வெட்டவேண்டாம். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக அந்தக் கழிவு கிணற்றுக்கு வந்துசேர அதிக நாள் எடுக்காது.